காலணிக்குள் சிவப்பு மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள மகளுக்கு,

நேற்று தொலைபேசியில் நீ சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. இங்கே மருத்துவமனையில் போடும் ஊசி காதை மந்தமாக்குகிறது. விழுந்த பாதியே எனக்குப் போதுமானதாக இருந்தது. நீ வைத்துவிட்ட பிறகும் சிறிது நேரம் கருவியைக் காதில் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு தாள் கேட்டு வாங்கினேன்.

எதையும் வரிசைப்படுத்தாமல் சொல்லத் தெரியாதவன் நான். இந்தக் கடிதத்தில் இருப்பவை:

1. நான் செய்தது.
2. ஏன் செய்தேன்.
3. கிருமிக்கு என்ன நேர்ந்தது.
4. இனி என்ன செய்யப்போகிறேன்.

முதலாவது. போன மழைக்காலத்தில் எனக்கு வந்தது வெறும் சளி என்று உங்களிடம் சொன்னேன். அது காசநோய். பல மாத்திரைகளைச் சேர்த்து, ஒரு நாளும் விடாமல், மாதக்கணக்கில் விழுங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெள்ளை மாத்திரைகளை ஒழுங்காக விழுங்கினேன். சிவப்பை முதல் வாரத்துக்குப் பிறகு விழுங்கவில்லை. நான் ஓய்வு பெற்றபோது கல்லூரியில் கொடுத்த தோல் காலணிக்குள் போட்டுவைத்தேன். குப்பையில் போட்டால் உன் கண்ணில் படும் என்று பயம். சாக்கடையில் போடலாம், இலவசமாகக் கொடுத்த மருந்தை வீணாக்க மனம் வரவில்லை. இப்படி ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுப் படித்துப் பார்க்கும்போதுதான் அதன் கோமாளித்தனம் தெரிகிறது. அந்தக் காலணியை மாப்பிள்ளை போட்டுப் பார்க்க நேர்ந்தது, விரலில் ஏதோ இடறியது, மீதியை நீயே அறிவாய்.

இரண்டாவது. சிவப்பு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் செக்கச்செவேலென்று போகும். கெடுதல் இல்லை என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். ஆனால் நம் வீட்டில் ஒரே கழிப்பறை. முதல் வாரமே மாப்பிள்ளை கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மாமா, உள்ள யாராச்சும் பீட்ரூட் கழுவுனாங்களா?" என்றார். விளையாட்டாகத்தான். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. என் அப்பாவுக்கு மூலம் இருந்தது. பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே போவார். கேட்டால், "நின்னாதான் காத்து வருது" என்பார். சாகும்வரை எவருக்கும் சொல்லவில்லை. வெட்கம் நம் ரத்தத்திலேயே ஊறியது. நம் வீட்டில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாவது. மருந்து அரைகுறையாக வந்ததால் கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. வெள்ளையைத் தாங்கக் கற்றுக்கொண்டது. இருமல் திரும்பியதும் பயந்துபோய்ச் சிவப்பையும் சேர்த்து விழுங்கத் தொடங்கினேன். கொஞ்ச நாளில் அதையும் தாங்கக் கற்றுக்கொண்டது. பக்கத்துக் கட்டிலில் ஒரு வெல்டர் இருக்கிறார். "வாத்தியாரே, உங்க கிருமி எம்.ஏ. படிச்சது. என்னுது பத்தாவது ஃபெயிலு" என்கிறார்.

நான்காவது. ஊசியையும் புது மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லப்போகிறேன். வாரிசைப் பெற்று வளர்த்து முடித்த உயிரை இயற்கைத் தேர்வு அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டில் வேறொருவருக்குப் பயன்படட்டும்.

என் பேத்தி கட்டெறும்புக்குக் கழுத்தில் கட்டி என்று நீ சொன்னது காதில் விழுந்தது. அதன் பிறகு சொன்னது விழவில்லை. எழுது.

அப்பா

*

மார்ச் 11

அப்பாவுக்கு,

அன்புள்ள என்று போடக் கை வரவில்லை. போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பேத்தியின் கழுத்துக் கட்டியிலிருந்து ஊசியால் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். காசநோய்தான், அதில் சந்தேகம் இல்லை. எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று தெரிய வாரக்கணக்கில் ஆகுமாம். அவள் கிருமியும் உங்கள் கிருமி மாதிரியே இருந்தால் அவளுக்கும் அதே ஊசி. அதே காது. தெருக்கோடியில் ஐஸ் வண்டி மணி அடித்தால் எங்களுக்கெல்லாம் கேட்பதற்கு முன்னால் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறவள் அவள். இதுதான் உங்கள் காதில் விழாத பாதி.

இனி உங்கள் கடிதம். நாலு தலைப்பு போட்டு எழுதியிருக்கிறீர்கள். மூன்றாவதைப் படித்தபோது தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

கிருமி பழகிக்கொண்டதாம். கற்றுக்கொண்டதாம்.

உங்கள் கல்லூரியில், உங்கள் வகுப்பில் உட்கார்ந்து, உங்களை "சார்" என்று கூப்பிட்டவள் நான். மேஜைமேல் பச்சைப் பூப்போட்ட துணியை விரித்து அதன்மேல் கலர் கலராகப் பொத்தான்களைக் கொட்டினீர்கள். "நீங்க எல்லாம் காக்கா. பொத்தான்தான் பூச்சி. நான் கை தட்டறதுக்குள்ள எவ்வளவு முடியுமோ பொறுக்குங்க" என்றீர்கள். வெள்ளையும் சிவப்பும் மஞ்சளும் முதலில் போயின. பச்சை மட்டும் கண்ணில் படாமல் தங்கியது. மிச்சமிருந்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதே நிறத்தில் ஒன்றை வைத்து, "குட்டி போட்டிருக்கு" என்றீர்கள். மறுபடி பொறுக்கச் சொன்னீர்கள். நாலாவது சுற்றில் துணி முழுக்கப் பச்சை. கடைசி பெஞ்சில் ஒட்டகம் என்று ஒருத்தன் இருந்தானே, அவன் எழுந்து, "பச்சை ஒளிஞ்சிக்கக் கத்துக்கிச்சு சார்" என்றான். "கத்துக்கிச்சா? எந்தக் காலேஜ்லப்பா பொத்தானுக்கு சீட்டு குடுத்தாங்க?" என்று கேட்டீர்கள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்புறம் சொன்னீர்கள்: பச்சை முதலிலேயே இருந்தது, கொஞ்சமாக. மற்றதையெல்லாம் எடுத்தது காக்கா.

உங்கள் நெஞ்சில் வெள்ளைக்குச் சாகாத கிருமி முதலிலேயே நாலைந்து இருந்திருக்கும். சிவப்பு அதைக் கொன்றிருக்கும். நீங்கள் சிவப்பைக் காலணிக்குள் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் அனுப்பினீர்கள். சாகிறதெல்லாம் செத்து, இடம் காலியானதும் அந்த நாலைந்தும் குட்டி போட்டன. கிருமி எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. காக்கா நீங்கள்தான், அப்பா.

நான் தையல்காரி. எனக்கு இது நினைவிருக்கிறது. முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்த உங்களுக்கு மறந்துபோகுமா? மறக்கவில்லை. கிருமி கற்றுக்கொண்டது என்று எழுதினால் பழி கிருமிமேல் போகும் என்று பார்த்தீர்கள்.

நாலாவது தலைப்புக்கு ஒரு வரிதான். ஊசியைப் பாதியில் நிறுத்தினால் மறுபடி துணியை விரிக்கிறீர்கள். போன தடவை வெட்கத்துக்காக, இந்தத் தடவை தியாகத்துக்காக. மிச்சமாகிற கிருமிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

உங்கள் மகள்

*

மார்ச் 16

அன்புள்ள மகளுக்கு,

நீ எழுதியது சரி. மூன்றாவது தலைப்பில் என் பேனா நழுவியது என்று முதலில் பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். நழுவவில்லை. எழுதும்போதே தெரிந்தது. "தேர்ந்தெடுக்கப்பட்டது" என்று எழுதினால் யார் தேர்ந்தெடுத்தது என்ற கேள்வி வரும். அதனால் "கற்றுக்கொண்டது" என்று எழுதினேன். அந்த ஒட்டகத்தை நினைக்கிறேன். அவன் அறியாமல் சொன்னதற்குச் சிரிக்க வைத்தேன். நான் அறிந்தே எழுதியிருக்கிறேன்.

ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் காலையில் மருத்துவருக்காகக் காத்திருந்தேன். உன் கடிதம் அதற்கு முன்னால் வந்துவிட்டது. வலப்பக்கக் காதில் பக்கத்து அறையில் யாரோ தையல் மிஷின் ஓட்டுவது போல ஓர் இரைச்சல். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

இரண்டாவது தலைப்பைப் பற்றி நீ ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். கழிப்பறை உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

காசநோய் என்ற சொல் வீட்டுக்குள் வந்தால் என் கட்டிலைத் தனியாகப் போடுவீர்கள், கட்டெறும்பை என் பக்கத்தில் விடமாட்டீர்கள் என்று நினைத்தேன். மருந்து முழுதாக உள்ளே போனால் கொஞ்ச வாரங்களில் நோய் பரவாது, பிறகு அவளை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதும் தெரியும். அந்தச் சில வாரங்களை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

அவள் பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு என் மார்பில் காது வைத்துக் கேட்பாள். உள்ளே இரைந்துகொண்டிருக்கும். "தாத்தா, உள்ள பூனை இருக்கு. இன்னிக்கு ரெண்டு பூனை" என்பாள். நான் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் காட்டுவேன். அந்தப் பூனை என்னவென்று தெரிந்தே காட்டினேன்.

இதற்கு மேல் இந்தப் பத்தியை எழுத முடியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தலை சீவும்போது கழுத்துக் கட்டி உன் கையில் முதன்முதலாகத் தட்டுப்பட்டது எப்போது? நான் வெள்ளையை மட்டும் விழுங்கிய காலத்தில் என்னிடமிருந்து அவளுக்குப் போயிருந்தால் அவள் கிருமி வெள்ளைக்குத்தான் அடங்காது, சிவப்புக்கு அடங்கும். நான் சிவப்பைத் திரும்பத் தொடங்கிய பிறகு போயிருந்தால் இரண்டுக்கும் அடங்காது. அரையாண்டு விடுமுறைக்கு முன்பா, பின்பா? முன்பு என்று எழுது. உண்மை அதுவாக இருந்தால் மட்டும்.

அப்பா

*

மார்ச் 29

அப்பாவுக்கு,

எப்போது தட்டுப்பட்டது என்று எனக்குத் தெரியவில்லை. பொங்கல் துணித் தையல் மலைபோல் குவிந்திருந்த சமயம். அவளுக்கு இரட்டைப் பின்னல் போடக்கூட நேரமில்லாமல் முடியை வெட்டிவிட்டிருந்தேன். தலை சீவியிருந்தால் முன்பே தட்டுப்பட்டிருக்கும். இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று பத்து நாள் வைத்திருந்தேன்.

பூனை விஷயத்தை உங்கள் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டவில்லை. காலணி விஷயத்துக்கே அவர் ஷெட்டில் போய், திறந்து கிடந்த பஸ் எஞ்சின் முன்னால் வெகுநேரம் நின்றாராம். கூட வேலை செய்கிறவர் வந்து சொன்னார். வீட்டுக்கு வந்ததும், "அந்த பீட்ரூட்டை நான் ஏன் கேட்டேன்? வாயை மூடிட்டுப் போயிருக்கலாம்ல?" என்கிறார். "விடுங்க, நீங்க கேலி பண்ணாத ஆளா, எங்கப்பா கூச்சப்படாத ஆளா" என்றேன். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தினமும் கழுவி விட்டிருப்பேனே" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கட்டெறும்பு ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். தோல் ஒவ்வாமை என்று சொல்லிவிட்டேன். துணி தைக்க வருகிறவர்களிடமும் அதுவே. கழுத்துக் கட்டிக்குமேல் ஒரு காலர் வைத்த சட்டை தைத்துப் போட்டிருக்கிறேன். மிக நன்றாக அமைந்துவிட்டது. ஒரு அம்மாள் தன் மகளுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

இது ரத்தத்தில் வருவதுதான் போலிருக்கிறது. உங்களைத் திட்டி எழுதிய கைதான் அந்தக் காலரையும் தைத்தது.

ஊசியைத் தொடர்கிறீர்கள் அல்லவா? ஆம், இல்லை என்று மட்டும் எழுதுங்கள். விளக்கம் வேண்டாம்.

உங்கள் மகள்

*

ஏப்ரல் 4

அன்புள்ள மகளுக்கு,

ஆம்.

விளக்கம் வேண்டாம் என்றாய். ஆனால் வேறு ஒன்று எழுதியாக வேண்டியிருக்கிறது. எனக்கு அதைச் சொல்லும் யோக்கியதை இல்லை என்று பல முறை யோசித்தேன். யோக்கியதை இல்லாதவன் சொன்னாலும் கணக்கு மாறாது.

என் கட்டிலும் உன் தையல் மிஷினும் ஒரே அறையில். அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சு என் கால்மாட்டில். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். நான் இருமிக்கொண்டிருந்தேன். ஜன்னலைக்கூடச் சாத்திவைத்தேன், குளிர் என்று. அந்தப் பிள்ளைகளையும் பரிசோதிக்க வேண்டும். அதற்கு நீ அவர்களிடம் சொல்ல வேண்டும். ஒவ்வாமை என்று சொன்னதைத் திருப்பிக்கொள்ள வேண்டும். சொன்னால் சிலர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போவார்கள். உன் தொழிலில் கை வைக்கிறேன் என்று தெரிகிறது. முழுவதையும் என்மேல் போட்டுச் சொல். "எங்கப்பா மறைச்சிட்டார்" என்று சொல். அது பொய் இல்லையே.

நான் மறைத்தபோது நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஆகையால் உன்னை வற்புறுத்த நா எழவில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

ரத்தத்தில் வருவது என்று நான்தான் முதலில் எழுதினேன். நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே. எனக்கு இப்போது அதில் அவ்வளவு உறுதி இல்லை. ஆனாலும் உன் தாத்தா, நான், நீ என்று மூன்று தலைமுறையை வரிசையாக வைத்துப் பார்த்தால் மறுக்கவும் முடியவில்லை.

பரிசோதனை முடிவு வந்ததா? தபால் கொண்டுவரும் நர்ஸம்மா, "உங்களுக்கு இல்ல வாத்தியாரய்யா" என்று வாசலிலிருந்தே சைகை காட்டுகிறார். கத்திச் சொன்னால்கூட எனக்குக் கேட்காது என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அப்பா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

முடிவு வந்துவிட்டது. வெள்ளையில் முக்கியமான ஒன்றுக்கு அவள் கிருமி மசியவில்லை. சிவப்புக்கு மசிகிறது. ஊசி வேண்டாம். நீங்கள் காலணிக்குள் போட்ட அதே சிவப்பு, கூட வேறு சில மாத்திரைகள். காதுக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்று கவரை வாங்கிக்கொண்டு வரும்போதே நினைத்துக்கொண்டேன்.

உங்கள் கடிதம் வந்து நாலு நாள் நான் உர்ரென்ற முகமாக இருந்தேன் என்று உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். உங்கள்மேல் அவ்வளவு கோபம். கோபத்துக்குக் காரணம் நீங்கள் எழுதியது சரியாக இருந்ததுதான். நாளைக்குச் சொல்லலாம், இந்தத் துணியை முடித்துக் கொடுத்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தைக்கூட மனதுக்குள் தைத்துத் தைத்துப் பிரித்தேன். கடைசியில் நான் சொல்லவே இல்லை. கேளுங்கள்.

சனிக்கிழமை. ஊர்த் திருவிழா வரப்போகிறது, அறை நிறையக் கூட்டம். பெஞ்சில் இடம் போதாமல் உங்கள் கட்டிலிலும் உட்கார்ந்திருந்தார்கள். கட்டெறும்பின் பள்ளித் தலைமையாசிரியை வந்து நின்றுகொண்டிருந்தார்கள், கையை அகட்டிக்கொண்டு. நான் அளவு நாடாவை அவர் தோளில் வைத்திருக்கிறேன். உள்ளே இருந்து ஒரு கூச்சல்.

"அம்மா! அம்மா! சிவப்பா வருது! எனக்கு சிவப்பா வருது!"

நான் நகருவதற்குள் கட்டெறும்பு ஓடி வந்துவிட்டாள். உடையைப் பாதி மாட்டிக்கொண்டு.

"எல்லாரும் வாங்க. தண்ணி ஊத்தல. அப்படியே வச்சிருக்கேன். வந்து பாருங்க!"

யாரும் அசையவில்லை. அவள் தலைமையாசிரியையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவர்களும் போனார்கள், தோளில் என் நாடா தொங்க.

"என்னடி இது?" என்று கேட்டது காதில் விழுந்தது.

"மருந்து மிஸ். உள்ள கிருமி சாவுது. அதான் சிவப்பு. எங்க தாத்தாக்கும் கிருமி. தாத்தா இங்கதான் படுத்திருப்பாரு, இருமிக்கிட்டே. இப்ப ஆஸ்பத்திரில. எனக்குக் கட்டியே வந்துச்சு, பாக்கறீங்களா?"

காலர் பொத்தானைக் கழற்றிக் காட்டியிருக்கிறாள்.

நான் பார்த்துப் பார்த்துத் தைத்த காலர், அப்பா.

அறையில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும். என் கையிலிருந்து குண்டூசி டப்பாவே விழுந்தது. உங்கள் கட்டிலில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து, துணியைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்கள். ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தலைமையாசிரியை திரும்பி வந்து, நாடாவைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்கள். என்ன சொல்லப்போகிறார்களோ என்று தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒவ்வாமைன்னு சொன்னீங்களே?" என்றார்கள்.

"ஆமா மிஸ். பொய் சொன்னேன்" என்றேன். வாக்கியம் அவ்வளவுதான். இத்தனை நாள் அதைத்தான் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"எங்க போய் டெஸ்ட் பண்ணணும்னு எல்லாருக்கும் சொல்லுங்க. நானும் இங்க வந்து உட்காந்திருக்கேன், எனக்கும்தான்" என்றார்கள். மறுபடி கையை அகட்டிக்கொண்டு, "அளவை முடிங்க" என்றார்கள். நாடாவை விரித்துத் தோளிலிருந்து மறுபடி தொடங்கினேன்.

இதுவரை பரிசோதித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் நோய் இல்லை. இன்னும் சிலர் பாக்கி. துணி கொண்டுவருகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். போகட்டும். உங்கள் மாப்பிள்ளை கழிப்பறைக் கதவில் சாக்பீஸால் "பீட்ரூட் தொழிற்சாலை" என்று எழுதிவைத்திருக்கிறார். மகள் தினமும் அவரைக் கூப்பிட்டுக் காட்டுகிறாள். மங்கலாக இருந்தால் அவளுக்கு வருத்தம்.

தாத்தாவுக்கும் சிவப்பாக வருகிறதா என்று கேட்கச் சொன்னாள். பூனைகள் எப்படி இருக்கின்றன என்றும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வார்டுக்குள் விடமாட்டார்கள் என்று தெரியும். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். கத்திப் பேசுகிறேன்.

மகள்

*

ஏப்ரல் 25

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ வா. மேற்குப் பக்க ஜன்னல். கத்த வேண்டாம், என் வலது காது முழுவதும் போய்விட்டது, இடது காதை ஜன்னல் பக்கம் திருப்பி நின்றுகொள்கிறேன்.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். பிறகு வெல்டரிடம் கொடுத்தேன். முதல் முறையாக, நான் என்ன செய்து இங்கு வந்தேன் என்பதை அவருக்குச் சொன்னேன். காலணியையும் சொன்னேன். பூனையையும். அவர் உன் கடிதத்தில் சனிக்கிழமைப் பகுதியைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "வாத்தியாரே, அந்தப் புள்ளைய உங்க வகுப்புல சேத்திருக்கணும்" என்றார்.

கட்டெறும்பிடம் சொல்: தாத்தாவுக்குச் சிவப்பாக வருவதில்லை. அந்த மருந்து தாத்தாவிடம் இனி வேலை செய்யாது, அதனால் கொடுப்பதில்லை. அவளுக்கு வருவதை ஒரு நாளும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். மங்கலாக இருந்தால் வருந்த வேண்டாம், நிறையத் தண்ணீர் குடித்திருப்பாள். பூனை ஒன்றுதான் மிச்சம், அதுவும் மெலிந்துவிட்டது.

நான் சட்டைப் பொத்தானைக் கழற்றியதை அவள் பெரியவளானதும் நீ சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன். அதற்காகவாவது இந்த ஊசிகளை முடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு திருத்தம் பாக்கி. ஒரே பெற்றோருக்குப் பிறந்தவைகூட ஒன்றுபோல் இருப்பதில்லை, மாறுபாடு இல்லாமல் தேர்வே இல்லை என்று ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன், அதைத் தன் வீட்டுக்கு மட்டும் பொருத்திப் பார்க்கவில்லை. முதல் கடிதத்தில், இரண்டாவது தலைப்பின் கீழ், வெட்கம் நம் ரத்தத்தில் ஊறியது, நம் வீட்டில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள் என்று எழுதினேன்.

அது தவறு.

அப்பா